தாயை நினைந்து நோற்கும் சித்திரைப் பூரணை

மாதா, பிதா, குரு, தெய்வம் என ஆன்றோர் வகுத்த வரிசையிலே தாய்க்கே முதலிடம் அளிக்கப்பட்டுள்ளது. தந்தையைப் பிள்ளைக்குக் காட்டுபவள் தாய். தந்தை குருவினிடத்தில் சேர்க்கிறார். குரு தெய்வத்தைக் காட்டுகிறார். ஆகவே தெய்வத்திடம் செல்லும் வழி தாயின் மடியிலேயே தொடங்குகிறது என்பது சைவ மக்களின் நம்பிக்கையாகும்.

இறைவனும் தாய்மையைப் பெரிதாகப் போற்றியுள்ளான். திருச்சிராப்பள்ளியிலே இரத்தினாவதி என்னும் பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்கியது. காவிரியிற் பெருக்கெடுத்த வெள்ளத்தினால் அவளுடைய தாய் வந்துசேர முடியவில்லை. அப்போது சிவபெருமான் தாய் வடிவிலே வந்து மருத்துவம் பார்த்தான். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்தபின்னரே அவன் மறைந்தருளினான். அதனால் அவனுக்குத் தாயுமானவர் என்னும் திருநாமம் வழங்குகின்றது. தாயும் தந்தையும் இல்லாத அப்பெருமானே காரைக்கால் அம்மையாரை "அம்மையே" என்று அழைத்தான் எனப் பெரியபுராணம் கூறுகின்றது.

துறவியரும் தாயின் கடனை மறந்தாரல்லர். காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகராகிய பட்டினத்தார் காதற்ற ஊசியைக் கண்டு பெருஞ்செல்வம் அனைத்தையும் துறந்து வெளியேறினார். ஆயினும் அன்னையின் ஈமக்கடனைத் தாமே செய்வதாக வாக்களித்திருந்தார். அன்னை மறைந்ததை அறிந்ததும் சுடலைக்கு விரைந்து வந்தார். உறவினர் அடுக்கிய விறகை நீக்கிப் பச்சை வாழைமட்டைகளை அடுக்கினார். பத்து மாதம் சுமந்ததையும் பாலூட்டியதையும் நினைந்து உருகிப் பாடினார். அப்பாட்டினால் வாழைமட்டை தீப்பற்றி எரிந்தது என்பது வரலாறு. ஊரையும் பொருளையும் உறவையும் துறந்த அவரால் தாயை மட்டும் துறக்க முடியவில்லை.

காலடியிலே பிறந்த ஆதிசங்கரரும் தம் தாயாராகிய ஆரியாம்பாளுக்கு அவ்வாறே வாக்களித்துச் சென்றார். இறுதி வேளையில் திரும்பி வந்தார். துறவி ஈமக்கடன் செய்யலாகாது என்று சுற்றத்தார் ஒதுங்கி நின்றபோது, ஒருவரது துணையுமின்றித் தாமே அதனை நிறைவேற்றினார். துறவியைப் பெற்ற தந்தையும் அவரை வணங்கவேண்டும். ஆனால் துறவி தன் தாயை வணங்கவேண்டும் என்பது மரபு.

இத்தகைய தாய்மார் புராணங்களில் மட்டுமல்ல, ஒவ்வொரு கிராமத்திலும் வாழ்ந்திருக்கின்றனர். விடியுமுன் எழுந்து முற்றம் கூட்டிச் சாணம் தெளித்து, நீராடி, செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் பறித்துச் சுவாமி படத்திற்கு வைத்தபின்னரே அவர்கள் அடுப்பு மூட்டினர். உலையில் அரிசி இடும்போது ஒரு பிடியை எடுத்துக் கோயிலுக்கெனத் தனிப் பானையில் இட்டனர். வீட்டில் அரிசி குறைந்த நாளிலும் அந்தப் பிடி குறையவில்லை. குறைந்தது அவர்களது கோப்பைச் சோறுதான். கந்தசஷ்டியில் ஆறு நாளும் உபவாசம் இருந்தனர். திருவெம்பாவைக் காலத்துக் குளிரில் பிள்ளைகளை எழுப்பிக் கோயிலுக்கு அழைத்து வந்தனர். அப்பிள்ளைகளின் வாயில் இன்றும் தேவாரம் நிற்பது அத்தாய்மாரின் உழைப்பினாலேயாம்.

தந்தையை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசையும், தாயை இழந்தவர்களுக்குச் சித்திரைப் பூரணையும் உரிய விரத நாள்களாகும். அன்று புண்ணிய தீர்த்தத்தில் நீராடி, பிதிர்க்கடன் செய்து, ஆலயத்திலே மோட்ச அருச்சனை செய்வித்து, அரிசியும் காய்கறியும் தானம் கொடுத்து, ஒருபொழுது உண்பர். ஆலயங்களிலே சித்திரபுத்திரனார் கதை படித்துக் கஞ்சி வார்ப்பர். சித்திரபுத்திரனார் உயிர்களின் பாவ புண்ணியங்களைக் கணக்கெழுதுபவர். தாயோ தான் இட்ட பிடியரிசிக்கும் விழித்திருந்த இரவுகளுக்கும் கணக்கு வைத்தவள் அல்லள். அவள் எழுதாத கணக்கை அவர் எழுதியிருப்பார் என்னும் ஆறுதலோடு பிள்ளைகள் அந்நாளில் விரதம் இருக்கின்றனர்.

இக்கடனைச் செய்யமுடியாது போன பிள்ளைகளின் துயரம் பெரிது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபின் பல ஆண்டுகள் கீரிமலைத் தீர்த்தத்திற்குச் செல்ல வழியிருக்கவில்லை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்விலும் 2009இல் வன்னியிலும் தாயின் உடலுக்குக் கொள்ளி வைக்க இயலாது போனவர்கள் உளர். இறந்த திதியையே அறியாதவர்களும் உளர். கடல்கடந்த நாட்டில் இருந்து தொலைபேசியில் செய்தி கேட்டு அழுததோடு நின்றவர்களும் உளர். இவர்கள் மனம் நோகவேண்டியதில்லை. சித்திரைப் பூரணை ஒருவரது திதியைச் சார்ந்ததன்று; எல்லாத் தாய்மாருக்கும் பொதுவான நாள். பட்டினத்தார் அடுக்கியது சந்தனக் கட்டையன்று, வாழைமட்டையே. அதனைப் பற்றவைத்தது பொருளன்று, அன்பே. எங்கிருந்தாலும் உள்ளன்போடு இடும் எள்ளும் நீரும் தாயைச் சென்றடையும்.

அதேவேளை, அந்தியேட்டிக்குப் பெரும் பணம் செலவிட்டு, வண்ணப் படத்தோடு கல்வெட்டு அச்சிட்டு வழங்கும் பிள்ளைகள், அத்தாய் உயிரோடு திண்ணையில் இருந்தபோது ஒருநாளாவது அருகில் அமர்ந்து "அம்மா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டனரா என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கல்வெட்டில் அச்சிடும் புகழுரையில் ஒரு வரியை அவள் காதால் கேட்கும் காலத்தில் சொல்லியிருந்தால் அதுவே மேலான பூசையாகும்.

ஆதலால் தாயை உடையவர்கள் இன்றே அவளைக் கைப்பிடித்து ஆலயத்திற்கு அழைத்து வருவார்களாக. தாயை இழந்தவர்கள் அவள் விட்டுச்சென்ற பிடியரிசிப் பானையை வெறுமையாக விடாது, நாளும் ஒரு பிடி இட்டு, அதனை ஆலயத்து அன்னதானத்திற்கோ அயலில் பசித்திருக்கும் பிள்ளைக்கோ வழங்குவார்களாக. அதுவே தாயின் வாழ்வை நினைவுகூரும் உண்மையான விரதமாகும். அம்மையப்பன் திருவருள் எல்லோருக்கும் கிட்டுவதாக.

சுபம்.