முகம் ஒருத்தி, குரல் ஒருத்தி

யான் மார்ட்டெலின் ‘லைஃப் ஆஃப் பை’ நாவல் 2001-இல் வெளியானது, அடுத்த வருடம் புக்கர் பரிசு வாங்கியது. கதை தொடங்குவது எங்கள் புதுச்சேரியில். இயக்குநர் ஆங் லீ 2011 ஜனவரியில் இங்கேயே வந்து, முத்தியால்பேட்டை மாதா கோயிலில் படப்பிடிப்பைத் தொடங்கினார். தாவரவியல் பூங்காவிலும் கேமரா ஓடியது. நாவலில் இருக்கும் மிருகக்காட்சிசாலை ஊரில் எங்கே இருக்கிறது என்று சுற்றுலா வருகிறவர்கள் இன்றைக்கும் கேட்பார்கள். அப்படி ஒன்று இல்லை என்றால் ஏமாந்துபோவார்கள்.

படத்தில் அந்தப் புதுச்சேரிக் குடும்பத்தின் முகங்கள் இவை. அப்பா, அசாமிலிருந்து வந்த அடில் ஹுசைன். அம்மா, ஹைதராபாத்தில் பிறந்த தபு. பையன், டெல்லிப் பையன் சூரஜ் சர்மா. பையன் பெரியவனானதும் ராஜஸ்தான்காரரான இர்ஃபான் கான். எல்லோருமே நன்றாக நடித்தார்கள், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. தமிழ் அதிகம் கேட்டது தாலாட்டில்தான். பாம்பே ஜெயஸ்ரீ பாடிய அந்தத் தாலாட்டு ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனது. நான் இருக்கும் மூலக்குளத்தில் இதைப்பற்றி ஒருவர்கூடக் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. நம்ம ஊர் படத்துல வந்துச்சா, வந்துச்சு. அவ்வளவுதான்.

2022 செப்டம்பர் 30 அன்று ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் வந்தபோது கதையே வேறு. விழுப்புரம் சாலை டீக்கடையில்கூட ஆளுக்கொரு வந்தியத்தேவன் இருந்தான். கூட வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் படம் முடிந்த கையோடு அனுப்பிய வாய்ஸ் நோட் இப்படித்தான் ஆரம்பித்தது: “எல்லாம் சரிடா மச்சி, ஆனா இது என் குந்தவை இல்ல.”

எனக்கு அந்த ‘என்’ பிடித்திருந்தது. சண்டைக்கு ஏற்ற இடமும் அதுதான் என்று தோன்றியது. அவனுடைய குந்தவை எங்கிருந்து வந்தாள்? கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதினார், கூடவே மணியம் வரைந்தார். அந்த ஓவியங்களைப் பார்க்காமல் நாவலை மட்டும் படித்தவர்களுக்கும் அவற்றின் பேரப்பிள்ளைகள் காலண்டரிலும் நகைக்கடை விளம்பரத்திலும் சரித்திரப் படத்திலும் ஏற்கெனவே அறிமுகம். நாம் நாவலைத் திறப்பதற்கு முன்பே நடிகர் தேர்வு முடிந்துவிடுகிறது. நம் கற்பனை என்று நாம் சொல்லிக்கொள்வது பெரும்பாலும் வேறு யாரோ நிரப்பி வைத்த டீஃபால்ட் மதிப்பு. மாற்றாத வரை அது அங்கே இருப்பதே தெரியாது.

கல்கியும் இதில் நண்பன் பக்கம்தான். நந்தினியைப் பொன்னிறம் என்றும் குந்தவையைச் செந்தாமரை நிறம் என்றும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வர்ணித்தவர் அவர். ஆகவே ஐஸ்வர்யா ராயும் த்ரிஷாவும் நாவலுக்கு விசுவாசமான தேர்வுகளே. அந்த ஐஸ்வர்யா ராய்க்குத் தமிழில் குரல் கொடுத்தவர் தீபா வெங்கட். வசனத்தில் நந்தினியின் வஞ்சம் நம் முதுகில் ஊர்கிறதென்றால் பாதிக் கூலி அவருக்குச் சேரவேண்டியது.

முகம் ஓரிடத்திலிருந்தும் குரல் ஓரிடத்திலிருந்தும் வருவது நமக்குப் பழகிப்போன ஏற்பாடு. இதில் என்னை விடாமல் தொந்தரவு செய்யும் பெயர் சரிதா. ‘தப்புத் தாளங்கள்’, ‘தண்ணீர் தண்ணீர்’, ‘அச்சமில்லை அச்சமில்லை’ என்று பாலசந்தர் படங்களில் தன் கறுப்பு நிறத்தோடும் அந்தப் பெரிய கண்களோடும் திரையை நிறைத்தவர். பின்னாளில் நக்மா போன்ற வெளுத்த கதாநாயகிகளுக்குப் பின்னணிக் குரல் கொடுத்தார். அவர் குரல் ஹீரோயினுக்குப் பொருத்தம் என்பதில் தயாரிப்பாளர்கள் யாருக்கும் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. சரிதாவும் தமிழ்நாட்டில் பிறந்தவர் அல்ல, ஆந்திரத்துக்காரர். இதைச் சொல்வதற்குக் காரணம், நான் பிறப்பிடம் பார்க்கிற கட்சி இல்லை. வெளியூர்க்காரர் வந்து நடிப்பதல்ல என் பிரச்சினை.

பிரச்சினை, விசுவாசம் என்கிற வாதம் ஒரு பக்கமாக மட்டும் வேலை செய்வது.

நாவலில் ‘பொன்னிறம்’ என்று இருந்தால் பொன்னிறத்தைத் தேடி மும்பை வரை போகிறோம். ‘கறுப்பு’ என்று இருந்தால்? பி.எச். டேனியல் என்ற மருத்துவர் தேயிலைத் தோட்டங்களில் தான் கண்டதை வைத்து 1969-இல் ‘ரெட் டீ’ என்ற ஆங்கில நாவலை எழுதினார். இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். கங்காணியின் பேச்சை நம்பி மலையேறிச் சிக்கிக்கொள்ளும் அந்தத் தம்பதியில் கணவனின் பெயரே கருப்பன், மனைவி வள்ளி. இதைத் தழுவி பாலா எடுத்த ‘பரதேசி’ 2013-இல் வந்தது. கருப்பன் அதில் ராசா ஆனான். நடித்தவர்கள் அதர்வா, வேதிகா, தன்ஷிகா. எல்லோர்மீதும் கருமை பூசப்பட்டது. படம் மோசம் என்று நான் சொல்லவில்லை. கடைசிக் காட்சி முடிந்ததும் தியேட்டரிலிருந்து எழ எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஆனால் கறுப்பு மனிதர்கள் நிறைந்த ஒரு மாநிலத்தில், கறுப்பு மனிதர்களைப் பற்றிய கதைக்குக் கறுப்பு நிறத்தை டப்பாவில் வாங்கவேண்டி வந்தது. விசுவாசம் பேசும் யாரும் அப்போது “இது என் கருப்பன் இல்ல” என்று சொல்லிக் கேட்கவில்லை.

இது நமக்கு மட்டும் வந்த நோய் இல்லை. சுசேன் காலின்ஸ் 2008-இல் வெளியிட்ட ‘ஹங்கர் கேம்ஸ்’ நாவலில் ரூ என்ற சிறுமிக்கு ஆழ்ந்த பழுப்புத் தோல் என்று தெளிவாகவே இருக்கிறது. 2012-இல் படம் வந்து, அமாண்ட்லா ஸ்டென்பெர்க் ரூவாக நடித்ததைப் பார்த்ததும் ட்விட்டரில் ரசிகர்கள் சிலர் கொதித்தார்கள். ரூ எப்படிக் கறுப்பாக இருக்கமுடியும் என்று கேட்டார்கள். அந்தப் பக்கத்தை அவர்களும் படித்தவர்கள்தான். கண் படித்தது, மனம் வெள்ளையடித்துவிட்டது. இன்னொன்று, 1847-இல் வந்த ‘வுதரிங் ஹைட்ஸ்’. அதில் சிறுவன் ஹீத்கிளிஃபைப் பார்க்கும் பணக்கார அண்டை வீட்டுக்காரர், இவன் ஒரு லஸ்கர் பையனோ என்று சந்தேகப்படுகிறார். லஸ்கர் என்பது இந்தியக் கப்பல் தொழிலாளிகளை அன்றைய ஆங்கிலேயர்கள் அழைத்த பெயர். அதாவது அந்தக் காலத்து இங்கிலாந்தின் மிகப் பிரபலமான காதலன் நம் கடற்கரைப் பையன்களில் ஒருவன் மாதிரி இருந்திருக்கலாம்! ஆண்ட்ரியா ஆர்னல்டு 2011-இல் எடுத்த படத்தில் ஜேம்ஸ் ஹௌசன் என்ற கறுப்பின நடிகரைப் போட்டார். அதற்கு முன்னும் பின்னும் வரிசையாக வெள்ளைக்காரர்கள், கடைசியாக எமரால்ட் ஃபென்னலின் படத்தில் ஜேக்கப் எலோர்டி. ஹீத்கிளிஃபை அந்த வீடு நடத்தும் விதத்துக்கு அவன் தோற்றம் ஒரு காரணம். அதை எடுத்துவிட்டால் கோபக்கார ஹீரோ மிச்சமிருப்பான், கோபத்தின் காரணத்தில் பாதி காணாமல் போயிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு எளிய சோதனை கைக்கு வருகிறது. அந்த நிறம் கதைக்குள் ஏதாவது வேலை பார்க்கிறதா? பார்த்தால் மாற்றாதே, வெறும் அலங்காரம் என்றால் யாரை வேண்டுமானாலும் போடு. சில நாட்கள் நானும் இந்தச் சோதனையோடு சௌகரியமாக இருந்தேன். குந்தவையின் செந்தாமரை நிறம் எந்தக் கதைத் திருப்பத்தையும் தாங்கி நிற்கவில்லை. யார் வேண்டுமானாலும் குந்தவை ஆகலாம் என்று தர்க்கம் சொன்னது.

என் அக்கா மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன வருடம் அவள் பள்ளி ஆண்டுவிழாவில் பொன்னியின் செல்வனிலிருந்து ஒரு காட்சி போட்டார்கள். சுருக்கப் பதிப்பைப் படித்து, படத்தை நாலு தடவை பார்த்து, குந்தவையின் வசனங்களை மனப்பாடமாக வைத்திருந்தாள். “நீ பூங்குழலி பண்ணும்மா, உனக்கு செட் ஆகும்” என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். குந்தவையாகத் தேர்வான பெண் முதல் ஒத்திகையில் பேப்பரைப் பார்த்து வாசித்தாளாம். பூங்குழலியும் நல்ல ரோல்தானே என்று அக்கா சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையில் நாவலில் எனக்கு அதிகம் பிடித்தவள் பூங்குழலிதான். தனியாகப் படகோட்டிக் கடலைக் கடக்கிறவள். அதை நானும் சொன்னேன்.

“நல்ல ரோல்தான் மாமா. ஆனா நான் வசனமே பேசிக் காட்டலியே, எனக்கு எது செட் ஆகும்னு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

யாரும் நிறம் என்ற சொல்லை உச்சரிக்கவில்லை. டீச்சர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, பாராட்டாகவே சொல்லியிருப்பார். பார்த்தவுடனே தெரிந்துவிடுவது என்பதுதான் இதன் இயங்குமுறை. என் தொழிலில் இதற்கு வேறு பெயர், ‘கல்ச்சர் ஃபிட்’. இன்டர்வியூவில் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டு வெளியேறும் ஒருவரைப்பற்றி, பேனலில் யாராவது தோளைக் குலுக்கிக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்வார்கள். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு உணர்வுதான்.

அன்று அவளிடம் என்னால் உறுதியாகச் சொல்லமுடிந்தது ஒன்று உண்டு. உண்மையான குந்தவை, ராஜராஜனின் அக்கா, தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்தவை கல்வெட்டில் இருக்கின்றன. பொன், நகைகள், தன் அப்பா அம்மா பெயரில் எடுப்பித்த படிமங்கள். என்ன கொடுத்தாள் என்று எடைக்கணக்கோடு வெட்டிவைத்தவர்கள் அவள் என்ன நிறம் என்று வெட்டவில்லை. “அப்ப கறுப்பா இருந்திருக்கலாம்ல?” என்றாள். இருந்திருக்கலாம். செந்தாமரை என்பது கல்கியின் முடிவு.

அப்படியென்றால் கறுப்புப் பாத்திரத்துக்குக் கறுப்பு நடிகர், ஒரு சாதிப் பாத்திரத்துக்கு அதே சாதிக்காரர், மீனவருக்கு மீனவர் என்று சட்டம் போடலாமா? போட்டால் நடிப்பு என்ற சொல்லுக்கே அர்த்தம் போய்விடும். ஆடிஷனுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்கும் நிலை வரும். பூமணியின் ‘வெக்கை’யிலிருந்து ‘அசுரன்’ எடுத்தபோது பச்சையம்மாளாக வந்த மஞ்சு வாரியர் மலையாளி. நான் அவரை நம்பினேன். விழுப்புரம், செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் கூத்துகளைப் பாருங்கள். நாற்பது வயது ஆண், மீசையை மழித்துவிட்டு அரிதாரம் பூசித் திரௌபதியாக வந்து நிற்பார். துகிலுரியும் காட்சியில் ஊரே அழும். பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டிகள் யாரும் “இது என் பாஞ்சாலி இல்ல” என்று சொல்வதில்லை. தமாஷ் என்னவென்றால் மகாபாரதம் அவளுக்குக் கொடுத்த இன்னொரு பெயர் கிருஷ்ணை, கரியவள். காலண்டர்காரர்கள்தான் அதை மறந்தார்கள். பீட்டர் புரூக் 1985-இல் பிரெஞ்சில் மகாபாரதத்தை மேடையேற்றியபோது செனகல்காரரான மமடூ டியூம் பீமனாக வந்தார். புரூக்மீது இந்திய விமர்சகர்களுக்குப் பல கோபங்கள் உண்டு, நியாயமான கோபங்களும் உண்டு. ஆனால் அந்த பீமனைப் படத்தில் பார்க்கும்போது, வாயுபுத்திரன் இப்படி இருந்தால் என்ன என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆகவே பூச்சில் தப்பு இல்லை. கூத்தில் பூச்சு எல்லோருக்கும் பொது. அதே ஆள் இன்றைக்குத் துரியோதனன், நாளைக்குக் கர்ணன். சினிமாவில் அது ஒருவழிப் பாதை. வெளுத்தவருக்குக் கருமை பூசி வள்ளி ஆக்கலாம், அதற்குப் பெயர் அர்ப்பணிப்பு. கறுத்தவரைக் குந்தவை ஆக்குவதற்குப் பெயர் வரலாற்றுப் பிழை. ஒருவர் யாராகவும் ஆகலாம், இன்னொருவர் தானாக மட்டுமே இருக்கலாம். சில சமயம் அதுவும் கிடைக்காது, அதற்கும் டப்பாவோடு ஆள் வந்துவிடும். மேலே சொன்ன என் சௌகரியமான சோதனை உடைந்தது இதில்தான். நிறம் கதைக்குள் வேலை பார்க்காத இடத்திலும், கதைக்கு வெளியே யாருக்கு வேலை கிடைக்கிறது என்பதில் நாள் தவறாமல் வேலை பார்க்கிறது.

இதைச் சொன்னால் வரும் பதில், திறமைதானே முக்கியம். இந்த வாக்கியத்தை இன்ஜினியரிங் படித்த எவரும் முதல் வருட ஹாஸ்டலிலேயே வேறு உருவத்தில் கேட்டிருப்போம். அங்கே அதன் பெயர் மெரிட். திறமை முக்கியம்தான். அது தெரியவேண்டுமானால் முதலில் ஒத்திகைக்குக் கூப்பிடவேண்டும், ஒரு படம் ஓடவில்லை என்றால் இன்னொரு படம் கொடுக்கவேண்டும். இருபது படம் செய்தவரையும் ஒரு படமும் கிடைக்காதவரையும் அருகருகே நிறுத்தித் திறமையை அளப்பது எந்தக் கணக்கிலும் சேராது. ஐஸ்வர்யா ராஜேஷ் தன் நிறத்தை வைத்து ஹீரோயினுக்கு ஆகமாட்டாய் என்று தன்னிடம் சொன்னவர்களைப்பற்றி மேடையிலேயே பேசியிருக்கிறார். ‘காக்கா முட்டை’யில் இரண்டு பையன்களுக்கு அம்மாவாக, ஒரு குடிசைக்குள் நின்றுதான் அவர் தன்னை நிரூபிக்கவேண்டியிருந்தது.

இதையெல்லாம் நண்பனோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது அவன் நேராகக் கேட்டான்: “சும்மா தியரி பேசாத. இருபது வருஷம் கழிச்சு யாராவது திரும்ப பொன்னியின் செல்வன் எடுத்தா, நந்தினிக்கு யார் மாதிரி ஆளைப் போடுவ?”

ஐஸ்வர்யா ராஜேஷ் மாதிரி ஒருத்தர் என்றேன். நந்தினி, ஊமை ராணி, இரண்டும் அவரே.

“அவங்க செமயா நடிப்பாங்கடா, அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா...”

ஆனா என்ன என்று கேட்டேன். ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டான்.