சக்கை யாருக்குச் சொந்தம்?

நல்ல காப்பி போடுவது எப்படி என்று கேட்டால் நம்மில் யோசனை சொல்லாதவர்கள் கிடையாது. கொட்டையில் பாதியாவது பீபரியாக இருக்க வேண்டும் என்பார் ஒருவர். சிக்கரியின் நிழல்கூடப் படக்கூடாது என்பார் இன்னொருவர். சிக்கரி இல்லாவிட்டால் டிகாக்ஷனுக்கு உடம்பு ஏது என்று மூன்றாமவர் கேட்பார். தண்ணீர் எந்தக் கொதியில் இருக்கும்போது பொடியில் விட வேண்டும், பால் எத்தனை தடவை பொங்கலாம், டபராவில் எவ்வளவு உயரத்திலிருந்து ஆற்ற வேண்டும் என்பதற்கெல்லாம் குடும்பத்துக்குக் குடும்பம் சாஸ்திரம் இருக்கிறது. கும்பகோணத்துப் பக்கம் இரண்டு பேர் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வந்த ரயில் போய்விடும். ஆனால் குடித்து முடித்த பிறகு அந்தப் பில்டர் என்ன ஆகிறது என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு நின்றுவிடும். அதை யாரோ கழுவி வைக்கிறார்கள். மறுநாள் காலையில் அது இருந்த இடத்தில் இருக்கிறது.

இந்த ‘யாரோ’ என்ற சொல்லைப் பற்றித்தான் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் பில்டரையே பார்ப்போம். மேல் பாத்திரம், கீழ்ப் பாத்திரம், மூடி, நடுவில் காம்பு வைத்த துளைத் தட்டு. நான்கே உருப்படிகள். அசைகிற உறுப்பு ஒன்றுகூட இல்லாததால் கெட்டுப்போக இதில் இடமே இல்லை என்று நினைக்கிறோம். ஆனாலும் கெட்டுப்போகிறது. காப்பிக் கொட்டையில் எண்ணெய் இருக்கிறது. வெந்நீரோடு அதில் கொஞ்சம் இறங்கி உலோகத்தில் படிகிறது. வெறும் தண்ணீரில் அலசினால் அது போவதில்லை. காற்றுப் பட்டுச் சிக்குப் பிடிக்கிறது. அதன்மேல் நைசான பொடி ஒட்டி உலர்ந்து, அடித்தட்டின் துளைகளை ஒவ்வொன்றாக மூடுகிறது. ஊர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் சுண்ணாம்பு வேறு சேர்ந்துகொள்கிறது.

ஒரே நாளில் எல்லாத் துளையும் அடைத்துக்கொண்டால் விழித்துக்கொள்வோம். அப்படி நடப்பதில்லை. இன்று இரண்டு, அடுத்த வாரம் மூன்று. கால் மணியில் இறங்கிய டிகாக்ஷன் அரை மணி எடுக்கிறது. தலையில் இரண்டு தட்டுத் தட்டினால் இறங்கும் என்று கண்டுபிடிக்கிறோம். பிறகு ராத்திரியே போட்டு வைத்துவிடும் வழக்கம் வருகிறது. கசப்பும் இப்படித்தான் அடிமேல் அடி வைத்து ஏறுகிறது. நாக்கு அதற்குப் பழகிக்கொள்கிறது. என்றைக்காவது காப்பி நன்றாக இல்லை என்று தோன்றினால் பழி முதலில் பொடிக் கடைக்காரர் மேலும், பிறகு பால்காரர் மேலும் விழுகிறது. துளைத் தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. பார்த்தால் ஒரு நொடியில் விஷயம் புரிந்துவிடும். நட்சத்திரங்கள் நிறைந்திருக்க வேண்டிய வானத்தில் பாதி இருட்டாக இருக்கும்.

வைத்தியம் ஒன்றும் கடினமானதல்ல. சக்கை காய்வதற்குள் அதைத் தட்டிவிட வேண்டும். கறிவேப்பிலைச் செடி அதை வேண்டாம் என்று சொல்லாது. நான்கு உருப்படிகளையும் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து உலர்த்த வேண்டும். ஈரத்தோடு மூடி வைத்தால் பூசணம் பிடிக்கும். வாரத்துக்கு ஒரு முறை சமையல் சோடா கலந்த வெந்நீரில் ஊறப் போட்டால் எண்ணெய்ப் பிசுக்கு விட்டுக்கொடுக்கும். சுண்ணாம்புப் படிவுக்குப் புளித் தண்ணீரோ எலுமிச்சம்பழமோ போதும். எவர்சில்வர் பில்டரானால் துளைத் தட்டைத் தணலில் சற்றுக் காட்டினால் அடைத்த பொடி கருகி உதிர்ந்துவிடும். ஈயம் பூசிய பித்தளைப் பில்டருக்கு இதைச் செய்யக்கூடாது. வெள்ளீயம் 232 டிகிரிச் சூட்டில் உருகிவிடும். ஊசியால் குத்துகிறவர்களும் நிதானமாகக் குத்த வேண்டும். துளை பெரிதாகிவிட்டால் டிகாக்ஷனோடு பொடியும் இறங்கும்.

இங்கே சிலர் ஒரு மறுப்புச் சொல்வார்கள். “பழகிய பில்டரை இப்படித் தேய்க்கலாமா? பழகப் பழகத்தானே அதில் மணம் ஏறும்?” என்பார்கள். தோசைக்கல்லுக்கு இந்த நியாயம் பொருந்தும். அங்கே எண்ணெய் சூட்டில் இறுகிக் கல்லோடு கல்லாகிவிடுகிறது. பில்டரில் படிந்த எண்ணெய் அப்படி இறுகுவதில்லை; ஊசிப்போகிறது. இரண்டும் பார்வைக்கு ஒரே கறுப்புத்தான். எது பக்குவம், எது அழுக்கு என்று முகர்ந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ‘எங்கள் வீட்டு வழக்கம்’ என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பல விஷயங்களையும் அவ்வப்போது இப்படி முகர்ந்து பார்ப்பது நல்லது.

அப்படி முகர்ந்து பார்க்க வேண்டிய வழக்கங்களில் ஒன்று, காப்பி போடுகிறவர் ஒருவர், பில்டர் கழுவுகிறவர் வேறொருவர் என்பது. “எங்கள் வீட்டில் காலைக் காப்பி நான்தான் போடுவேன்” என்று சொல்லும் ஆண்களை நிறையப் பார்க்கிறோம். நல்ல பழக்கம்தான். அவர்கள் போடும் காப்பி நன்றாகவே இருக்கிறது; வந்தவர்கள் புகழ்கிறார்கள். புகழ்ச்சி முடிந்ததும் ஈரச் சக்கையோடு பில்டர் தொட்டிமுற்றத்துக்கோ ஸிங்க்குக்கோ போய்விடுகிறது. ஆக்குகிற வேலைக்கு ஒரு முடிவு உண்டு. அது ஆவி பறக்கத் தம்ளரில் வந்து நிற்கிறது. கழுவுகிற வேலைக்கு அப்படிக் காட்ட ஒன்றும் இல்லை. நன்றாகச் செய்தால் அது செய்யப்பட்டதே தெரியாது. நம் நாவல்களிலும் இதே கதைதான். காப்பி கொண்டுவந்து வைக்காத கதாநாயகி அபூர்வம். பில்டர் கழுவுகிற கதாநாயகி அதைவிட அபூர்வம். கழுவுகிற கதாநாயகனை நான் இதுவரை சந்தித்ததில்லை.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். “இதில் என்ன சார் தர்ம விசாரம்? ஒருத்தர் சம்பாதிக்கிறார், ஒருத்தர் சமைக்கிறார், ஒருத்தர் பற்றுத் தேய்க்கிறார். தேய்க்கிறவளுக்குச் சம்பளம் கொடுக்கிறோம். நீங்களே கழுவிக்கொண்டால் அவள் பிழைப்பு என்ன ஆகும்?” என்றார்.

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. உலகத்தில் எல்லோரும் எல்லா வேலையையும் செய்ய முடியாது. கூலி வாங்குவது கேவலமும் இல்லை. ஆனால் சம்பளம் கொடுத்து நாம் வாங்குவது ஒருவருடைய உழைப்பை மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வேலை நடக்கிறது என்பதையே மறந்திருக்கும் சௌகரியத்தையும் சேர்த்து வாங்குகிறோம். அந்த அம்மாள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று நான்கு நாள் வராவிட்டால் நம் மனசில் முதலில் வருவது குழந்தையின் முகமா, கழுவாத பில்டரா? இந்தக் கேள்விக்கு அவரவர் தனியாக இருக்கும்போது பதில் சொல்லிக்கொள்ளலாம்.

கழுவும் தொல்லையே இல்லாமல் செய்துவிட்டால் என்ன என்று மேல்நாட்டில் யோசித்தார்கள். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பப் பெண், காப்பியில் வண்டல் வருகிறதே என்று அலுத்துப்போய், ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் துளையிட்டு, மகனுடைய பள்ளிக்கூட நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து அதில் போட்டு வடிகட்டினார். 1908-ல் அதற்கு உரிமையும் பதிவு செய்துகொண்டார். குடித்ததும் சக்கையைத் தாளோடு தூக்கி எறிந்துவிடலாம். தாள் மண்ணில் மக்கிவிடும். அதனால் பெரிய குற்றமில்லை. அந்த யோசனை பின்னால் வளர்ந்து, ஒரு தம்ளர் காப்பிக்கு ஒரு சின்னக் குப்பி என்று அலுமினியத்திலும் பிளாஸ்டிக்கிலும் வந்து நின்றது. கழுவுகிறவர் என்று அங்கே யாரும் இல்லை. ஆனால் குப்பிகள் எங்கேயோ குவிந்தன. 2016-ல் ஹாம்பர்க் நகர நிர்வாகம், பொதுப் பணத்தில் இவற்றை வாங்கக்கூடாது என்று விதி செய்தது. நாம் தொடாவிட்டாலும் சக்கை மறைந்துவிடுவதில்லை. நாம் பார்க்காத இடத்தில் ஒருவர் வாசலில் போய் விழுகிறது.

அப்படியானால் அவரவர் எச்சத்தை அவரவரே கழுவுவதுதான் தர்மம் என்று முடித்துவிடலாமா? அதற்கும் அவசரப்படக்கூடாது. தமிழ்நாட்டுக் கிராமத்து டீக்கடைகள் பலவற்றில் இரட்டைக் குவளை வைத்திருந்தார்கள். தீண்டாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குத் தனிக் குவளை. குடித்த பிறகு அதை அவர்களே கழுவி வைக்க வேண்டும். 1955-ம் வருஷம் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்த பிறகும் இந்த அநியாயம் நெடுங்காலம் ஓயவில்லை. தன் குவளையைத் தான் கழுவுவது என்ற அதே காரியம்தான். ஆனால் கடையில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரில் ஒருவனை மட்டும் பார்த்து ‘நீ கழுவு’ என்றால் அது அவனை அறைவதற்குச் சமம்.

காந்திஜி தம் சத்தியசோதனையில் ஒரு சம்பவத்தை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 1898-ல் டர்பனில் அவர் வீட்டில் குமாஸ்தாக்கள் தங்கியிருந்தார்கள். அறைகளில் வைத்த மூத்திரப் பாத்திரங்களைக் கணவனும் மனைவியுமாகச் சுத்தம் செய்து வந்தார்கள். பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு கிறிஸ்தவ குமாஸ்தாவின் பாத்திரத்தைக் கஸ்தூரிபாய் கண்ணீரோடு எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினார். அது போதாது, சந்தோஷமாகச் செய்ய வேண்டும் என்று கணவர் இரைந்தார். வார்த்தை முற்றி, மனைவியைக் கையைப் பிடித்து வாசல் கதவுவரை இழுத்துக்கொண்டு போனார். அந்த அம்மாளின் அருவருப்பில் சாதி இருந்தது, அது தவறுதான். இவர் கொள்கை உயர்ந்தது, அதிலும் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தக் காட்சியில் நமக்கு உறுத்துவது கொள்கையைப் பிடித்திருந்த கைதான். தான் ஏற்றுக்கொண்டால் விரதமாக இருப்பது, பிறர் தலையில் வைத்தால் கொடுமையாகிவிடுகிறது.

வீட்டுப் பில்டருக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். மருமகள் மட்டுமே என்றைக்கும் கழுவ வேண்டும் என்றால், கூடத்தில் எவ்வளவு அன்பாகப் பேசினாலும், அந்த வீட்டுக்குள் ஓர் இரட்டைக் குவளை இருக்கிறது. யார் கழுவுவது என்பதை அன்றன்று கை ஒழிந்தவர் தீர்மானிக்கிற வீட்டில் அது இல்லை.

நம் கோயில்களில் திருநாவுக்கரசர் நிற்கிறாரே, கவனித்திருக்கிறீர்களா? அவர் பாடிய பதிகங்களுக்காகத்தான் அவரை நாடு நினைக்கிறது. ஆனால் சிற்பிகள் அவருக்கு அடையாளமாக ஏட்டை வைக்கவில்லை. புல் செதுக்கும் உழவாரத்தை வைத்தார்கள். கோயில் கட்டிய அரசர்களின் பெயர் கல்லில் வெட்டியிருக்கிறது. பிராகாரத்துப் புல்லைச் செதுக்கியதற்குக் கல்வெட்டுக் கிடையாது. அடுத்த மழைக்குப் புல் மறுபடி முளைத்துவிடும். முளைக்கும் என்று தெரிந்தேதான் அவர் குனிந்தார். யாரும் அவரை ஏவவில்லை. அதனால்தான் அந்தக் கருவி அவர் தோளில் பாரமாகத் தெரியவில்லை.

அவ்வளவு பெரிய உதாரணம் ஒரு காப்பிப் பில்டருக்கு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். நாம் தினமும் குனிவதற்கு வாய்ப்புள்ள இடம் பிராகாரம் இல்லை, ஸிங்க்தான் என்பதுதான் காரணம். பெரிய சீர்திருத்தம் எதையும் நான் சொல்ல வரவில்லை. பற்றுத் தேய்க்கும் அம்மாளின் சம்பளத்தில் கை வைக்க வேண்டாம். பொடி போட்டவர் சக்கையைத் தட்டட்டும். துளைத் தட்டை ஒரு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும். அரை நிமிஷ வேலை. அதைச் செய்து வந்தால், ‘யாரோ’ கழுவி வைக்கிறார்கள் என்று சொல்ல நமக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். கழுவுகிறவரின் பெயர் தானாக வாயில் வரும்.