தனிப் பிரயாணமும் அமானத்தும்

மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் ஒருவர், கடைக்கு லீவு விட்ட நாளில் கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்குத் தன்னந்தனியே புறப்படுகிறார். வண்டி அவருடையது, எண்ணெய்க்குக் காசு கொடுத்தவர் அவர், விழுந்தால் முறியப்போவதும் அவருடைய எலும்புதான். அப்படியிருக்க, "ஏன் தனியாகப் போனாய்?" என்று கேட்க மற்றவர்களுக்கு என்ன பாத்தியதை? நம் வாலிபர்கள் கேட்கும் கேள்வி இது. பெரியவர்கள் அதட்டிவிட்டுப் போகிறார்களே தவிர, யாரும் பதில் சொல்வதில்லை.

முதலில் அந்தப் பிரயாணத்திற்குரிய நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். சிலாங்கூர் ஆற்று அணையைக் கடந்ததும் பாதை காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறுகிறது. 'கேப்' என்னும் இடத்திலிருந்து மலையுச்சிக்கு இன்னும் 8 கிலோமீட்டர். குறுகலான பழைய சாலை. மூடுபனி இறங்கினால் அடுத்த வளைவு தெரியாது. வளைவுக்கு முன்பே வேகத்தைத் தணித்து, கியரைக் குறைத்துவிட வேண்டும். நனைந்த சருகின்மேல் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கிவிடும். இத்தனை கவனம் தேவைப்படும் இடத்தில் சரக்கு விலையும் வாடகைப் பாக்கியும் மனத்தில் நிற்குமா? ஆறு நாளும் பிறர் பேச்சையே கேட்டுக்கொண்டிருக்கும் வியாபாரிக்கு இந்த மௌனம் ஒரு மருந்து. அதை வீண் விளையாட்டு என்று இகழ்வது சரியல்ல.

தனிமையை நம் மார்க்கமும் இகழவில்லை. ஹிரா குகையில் நாயகம் (ஸல்) அவர்கள் தனித்திருந்தார்கள். ஆனால் உணவு எடுத்துக்கொண்டு போனார்கள். அது தீர்ந்ததும் கதீஜா (ரலி) அவர்களிடம் திரும்பி வந்து, மறுபடியும் எடுத்துச் சென்றார்கள். எங்கே இருக்கிறார்கள் என்பது வீட்டாருக்குத் தெரிந்திருந்தது. இமாம் கஸ்ஸாலி அவர்கள் 1095-இல் பக்தாதில் தாம் வகித்த பெரிய ஆசிரியப் பதவியை உதறிவிட்டுத் தனிமை தேடிப் போனார்கள். அந்தத் துறவைப் புகழ்ந்து பேசுவோர் பலர். பிள்ளைகளின் ஜீவனத்துக்கு வேண்டியதை ஒதுக்கிவைத்த பிறகே அவர்கள் புறப்பட்டார்கள் என்பதைச் சொல்வோர் சிலரே.

இரவில் தனியே பிரயாணம் செய்வதிலுள்ள கேட்டைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்திருக்கிறார்கள். அதே நாயகம் அவர்கள் அகழ்ப் போரின்போது, எதிரிகளின் செய்தி அறிந்துவர ஸுபைர் (ரலி) அவர்களைத் தனியொருவராகவே அனுப்பினார்கள். ஆகவேதான் மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் தனிப் பிரயாணத்தை மக்ரூஹ் என்றார்களேயன்றி, ஹராம் என்று சொல்லவில்லை. தேவையையும் ஆபத்தையும் எடைபோட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். எடை போடுவது நமக்குப் புதிய தொழிலா என்ன!

தராசின் மறுதட்டில் எதை வைப்பது என்பதற்கு இந்நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. சயாம் பட்டு வியாபாரத்தில் உலகப் புகழ் பெற்ற ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26 அன்று கேமரன் மலையில் தாம் தங்கியிருந்த பங்களாவிலிருந்து தனியே வெளியே போனார். மோட்டார் சைக்கிள்கூட இல்லை, வெறும் நடைதான். அவர் திரும்பவில்லை. போலீசார், இராணுவத்தினர், காட்டை அறிந்த பூர்வகுடியினர் என நூற்றுக்கணக்கானோர் பல நாள் தேடினார்கள். ஒரு தடயமும் அகப்படவில்லை. அவர் இறந்தவர் என்று சட்டப்படி தீர்மானமாக 1974 ஆயிற்று. அவர் நடந்தது ஒரு பிற்பகல். மற்றவர்கள் காத்திருந்தது ஏழாண்டு.

"என் உயிர், என் இஷ்டம்" என்னும் வாதம் இங்கேதான் உடைகிறது. உயிர் அல்லாஹ்வின் அமானத் என்று ஜும்ஆ தோறும் கேட்கிறோம், தலையாட்டுகிறோம். ஆனால் மனிதர்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது. மனைவி மக்களுக்கு மட்டுமா? மொத்த வியாபாரிக்குத் தரவேண்டிய பாக்கி, பாதி கொடுத்த மஹர், சாட்சியில்லாமல் வாங்கிய கைமாற்று, யாரோ நம்பி ஒப்படைத்துவிட்டுப் போன நகை, இவற்றுக்கெல்லாம் அந்த உயிரே ஜாமீன். மையித்தைக் கொண்டுவந்தால், இவருக்குக் கடன் உண்டா என்று நாயகம் (ஸல்) அவர்கள் தொடக்க காலத்தில் விசாரித்த பிறகே தொழவைத்தார்கள். எழுதவேண்டியது இருப்பவர் வஸிய்யத்து எழுதிவைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்றும் சொன்னார்கள்.

ஆகவே, மலைக்குப் போகிறவரைத் தடுக்க நமக்குப் பாத்தியதை இல்லை. கேட்கப் பாத்தியதை உண்டு. எந்தப் பாதை, எப்போது திரும்புவாய், பேரேடு எழுதியாயிற்றா? கைப்பேசிக்கு அலை கிடைக்காத இடங்கள் அம்மலைகளில் உண்டென்பதால், புறப்படும் முன்பே வாயால் சொல்லிவிட்டுப் போவதுதான் உத்தமம்.

இதைச் சொல்லும்போது, மலைப்பக்கமே போகாதவர்கள் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று சாய்ந்துகொள்ள வேண்டாம். முப்பது ஆண்டுகளாக ஒரே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளிகள் நம்மில் இருக்கிறார்கள். யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பது அவர்கள் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. மகனுக்குத் தெரியாது; கணக்குப்பிள்ளைக்குப் பாதி தெரியும்; மனைவியிடம் சொல்வது வழக்கமே இல்லை. அவர்களில் ஒருவர் இன்று லுஹருக்குப் பிறகு கண்ணை மூடினால், கடைவாசலில் வந்து நிற்பவர்களில் யார் உண்மையான கடன்காரர், யார் பொய்யர் என்று அந்த விதவை யாரிடம் போய்க் கேட்பாள்?