பழுதும் பழுதின் முதலும்

பயன்படும் பொருள் யாவும் தேயும். தேய்வது ஒருநாள் பழுதுறும். இஃது உலகியற்கை. ஆயின், ஒருமுறை நேர்ந்த பழுது மறுமுறையும் அதே இடத்தில், அதே வகையில் நேருமாயின், அதனைத் தேய்மானம் என்று சொல்லிக் கடந்துவிட இயலாது. அஃது ஒரு வினாவாக வந்து நிற்கின்றது. அவ்வினாவுக்கு விடை தேடாமல், பழுதுற்ற உறுப்பை எடுத்தெறிந்து புதியது ஒன்றைப் பொருத்திக் கொடுப்பவன் தன் கடமையை முடித்தவன் ஆவானா? தொழிலறிவைப் பற்றியது போலத் தோன்றும் இக்கேள்வி, சற்றே ஆழ்ந்து நோக்கின், அறத்தைப் பற்றியதாகும்.

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பானிலிருந்து காஜாங் செல்லும் பழைய சாலையில் அமைந்த சிற்றூர் மந்தின். ஈயச் சுரங்கங்களும் பால்மரத் தோட்டங்களும் வளர்த்த ஊர் அது. சிரம்பானுக்கும் மந்தினுக்கும் இடையே அச்சாலை செத்துல் மலைத்தொடரை வளைந்து வளைந்து கடக்கின்றது. கட்டணம் செலுத்திச் செல்லும் நெடுஞ்சாலை வந்த பின்னரும், சில்லறையை எண்ணிச் செலவிடும் குடும்பங்களுக்கு அம்மலைச் சாலையே வழி.

அவ்வூரில் வாழும் முதியவர் ஒருவரைக் கற்பனையில் நிறுத்திப் பார்க்கலாம். தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர். சிறுநீரகம் பழுதுற்ற மனைவியை வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்காகச் சிரம்பானுக்கு அழைத்துச் செல்கிறவர். அவருடைய பழைய மகிழுந்து மலையேற்றத்தில் உதறத் தொடங்குகின்றது. வளைவுகளில் வேகம் குன்றுகின்றது. பட்டறைக்குக் கொண்டு போகிறார். “ஐயா, மூன்றாவது காயில் போய்விட்டது; மாற்றினால் சரியாகிவிடும்” என்கிறார் பழுதுபார்ப்பவர். மாற்றப்படுகின்றது, வண்டி ஓடுகின்றது. நான்கு திங்கள் கழித்து அதே உதறல், அதே காயில், அதே மறுமொழி. மூன்றாம் முறையும் அவ்வாறே. முதியவர் யாரையும் பழிக்கவில்லை. “பழைய வண்டி, என் தலைவிதி” என்று தம்மையே நொந்துகொள்கிறார். அவர் தம் விதியை நொந்துகொள்ளும் அவ்விடத்தில்தான் பட்டறையின் அறம் வினவப்படுகின்றது.

காயில் எனப் பட்டறையில் வழங்கப்படும் எரியூட்டுச் சுருளின் பணி வியப்புக்குரியது. மாறும் காந்தப்புலம் கம்பியில் மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட உண்மையே அதன் உயிர். பன்னிரண்டு வோல்ட் மின்கலத்திலிருந்து பெறும் மின்னோட்டத்தைச் சட்டென நிறுத்துவதன் வாயிலாக, இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேலான அழுத்தத்தை அச்சிறு உறுப்பு உண்டாக்குகின்றது. அவ்வழுத்தம் பிளக்கின் நுனியில், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகப் பாய்கின்றது. எஞ்சின் நிமிடத்திற்கு மூவாயிரம் சுற்றுச் சுற்றும்போது ஒவ்வோர் உருளையிலும் நொடிக்கு இருபத்தைந்து முறை பொறி எழ வேண்டும். ஒருமுறை தவறினாலும் எஞ்சின் இடறும். மலையேறுங்கால் உருளைக்குள் காற்றும் எரிபொருளும் மிகுதியாக அழுத்தப்படுவதால், பொறி பாய்வதற்கு இன்னும் உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். சமவெளியில் மறைந்திருந்த குறையை மலை காட்டிக் கொடுத்து விடுகின்றது.

இக்காலத்து மகிழுந்துகளில் பழுதை அறிவிக்கும் கருவியும் உண்டு. அதனை இணைத்தால் ‘பி0303’ என்பது போன்றதொரு குறியீடு தோன்றும். மூன்றாம் உருளையில் எரிதல் தவறுகின்றது என்பதே அதன் பொருள். காயில் கெட்டது என்று அக்குறியீடு சொல்லவில்லை. ஏன் கெட்டது என்றும் சொல்லவில்லை. இடத்தைச் சுட்டும் குறியைக் காரணத்தைச் சுட்டும் குறியாக எடுத்துக் கொள்வதே முதற்பிழை.

இப்பிழையைத் தவிர்க்க எளிய வழி ஒன்றுண்டு. மூன்றாம் உருளையின் காயிலை முதல் உருளைக்கும், முதலதனை மூன்றாவதற்கும் மாற்றிப் பொருத்துதல். கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் பெயர்ந்தால் காயில் கெட்டிருக்கின்றது. பெயராமல் மூன்றாம் உருளையிலேயே நின்றால், பிளக்கையோ எரிபொருள் தெளிப்பானையோ கம்பியிணைப்பையோ உருளையின் அழுத்தத்தையோ ஆராய வேண்டும். ஒன்று உள்ளபோது மற்றொன்று உளதாதல், ஒன்று இல்லாதபோது மற்றொன்று இலதாதல் என்னும் இம்முறை தமிழுக்குப் புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைக்கும் அளவை நெறியில், புகையைக் கொண்டு நெருப்பை அறியும் முறையும், அம்முறை பிழைபடும் வகைகளும் விரிவாகப் பேசப்படுகின்றன. கையில் எண்ணெய்க் கறையோடு காயிலை இடம் மாற்றிப் பார்க்கும் பழுதுபார்ப்பவர், தாம் அறியாமலேயே அம்மரபில் நிற்கின்றார்.

ஆயினும் விசாரணை அங்கே முடிந்துவிடுவதில்லை. கெட்டது காயில்தான் என்று உறுதிப்பட்ட பின்னரே உண்மையான வினா தொடங்குகின்றது. ஏன் கெட்டது? பிளக்கின் முனைகள் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால், அதனைத் தாண்டக் காயில் தன் வலிமைக்கு மிஞ்சிய அழுத்தத்தை நாள்தோறும் தந்தாக வேண்டும்; அதன் உள்ளீட்டு மின்காப்பு சிறுகச் சிறுக நைந்து போகும். மேல்மூடியின் அடைப்பு வளையம் கசிந்து, பிளக் அமர்ந்த குழியில் எண்ணெய் தேங்கினால், காயிலின் இரப்பர் உறை உப்பிச் சிதையும். பொறி நுனிக்குச் செல்லாமல் பக்கத்து உலோகத்தில் பாயும். இணைப்பு தளர்ந்திருக்கலாம், மின்னூட்டும் கருவி அளவு கடந்த மின்னழுத்தத்தைத் தந்து கொண்டிருக்கலாம். இவ்வனைத்திலும் காயில் குற்றம் செய்யவில்லை. பிறிதொன்றின் குற்றத்தைத் தாங்கியிருக்கின்றது. தாங்க இயலாத நாளில் எரிந்து போயிற்று. முதலில் எரிந்தது எதுவோ அதனையே குற்றவாளி என்று தூக்கி எறிவது உலகத்தின் பழக்கம். எரிந்தது பெரும்பாலும் சுமை தாங்கியதாகவே இருக்கும்.

எனினும், காரணம் எப்போதும் ஆழத்தில்தான் ஒளிந்திருக்கும் என்று கொள்வதும் ஒரு முன்முடிவே. 2003-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வோக்ஸ்வாகன் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற இலட்சக்கணக்கான மகிழுந்துகளில் காயில்களைத் தன் செலவிலேயே மாற்றித்தர முன்வந்தது. அங்கே பழுது காயிலிலேயே இருந்தது. ஓட்டியவர் மீதோ பட்டறைகள் மீதோ தவறில்லை. ஆகவே, ஆராய்பவனுக்குத் தேவை ஐயமும் அன்று, நம்பிக்கையும் அன்று. சோதித்துப் பார்க்கும் பொறுமையே ஆகும்.

இயந்திரத்தைப் பற்றிய இச்சிந்தனை மனிதரைப் பற்றியதாக மாறும்போதுதான் அதன் முழு எடையும் விளங்கும். மலாயாவின் தோட்ட வரலாறே அதற்குச் சான்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காடுகளை அழித்து இரப்பர் பயிரிட்டபோது, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மலேரியாக் காய்ச்சலால் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். ஓராண்டில் ஆயிரம் பேருக்கு நூற்றுவருக்கு மேல் இழந்த தோட்டங்களும் இருந்தன. இறந்தவர் இடத்தை நிரப்பப் புதியவர் கப்பலேறி வந்தனர். 1907-ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டு, தோட்ட முதலாளிகள் செலுத்திய தொகையிலிருந்து அவர்களுடைய பயணச் செலவு கொடுக்கப்பட்டது. மாற்று எளிதில் கிடைக்குமிடத்தில் காரணம் தேடும் கேள்வி மங்கிவிடுகின்றது. எரிந்த காயிலை எறிவது போல மனிதர் எறியப்பட்டனர். எஞ்சி நின்று காய்ச்சலோடு தள்ளாடியவர்க்குச் சோம்பேறி என்னும் பெயரும் கிடைத்தது.

காரணத்தைத் தேடியவரும் இருந்தனர். 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், மலேரியாவுக்குக் கொசுவோடுள்ள தொடர்பைக் கண்டறிந்தார். அதனை மனத்திற்கொண்டு, 1901-இல் கிள்ளானில் மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களை வடிக்கச் செய்தார்; காய்ச்சல் தணிந்தது. ஆனால், அதே முறை மலைப்பாங்கான தோட்டங்களில் பயன் தரவில்லை. அங்கே நோய் பரப்பிய கொசு வேறு; அது நிழலை விட்டு, வெயில் படும் தெளிந்த ஓடைகளில் பெருகியது. காட்டை அழித்து வாய்க்காலைத் திறந்துவிட்டதே அதற்கு வாழ்விடம் ஆயிற்று. ஓடை நீரை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தியும், நீர்மேல் எண்ணெய் தெளித்தும் அதனை அடக்க வேண்டியிருந்தது. சமவெளியில் மருந்தானது மலையில் நோயை வளர்த்தது என்னும் இவ்வரலாறு ஒன்றை உணர்த்துகின்றது: ஓரிடத்தில் கண்ட காரணத்தை மற்றோரிடத்தில் சோதிக்காமல் சுமத்தலாகாது.

இங்கே ஒரு தடை எழலாம். காரணத்துக்குக் காரணம், அதற்கும் ஒரு காரணம் எனத் தேடிச் சென்றால் முடிவு ஏது? காயில் எரிந்தது பிளக் தேய்ந்ததால். பிளக் தேய்ந்தும் மாற்றப்படாதது முதியவரிடம் பணமில்லாததால். பணமில்லாதது வாழ்நாள் முழுதும் பெற்ற குறைந்த கூலியால். மணிமேகலையின் இறுதிக் காதை பேதைமை தொடங்கிப் பன்னிரு சார்புகளை ஒன்றோடொன்று கோத்துக் காட்டுகின்றது. அத்தகைய சங்கிலியைப் பட்டறைக்காரர் முழுவதும் அவிழ்க்க இயலுமா?

இயலாது, வேண்டியதும் இல்லை. தன் கை எட்டும் கண்ணிவரை சென்று செய்ய வேண்டியதைச் செய்தல், எட்டாத கண்ணியை உரியவரிடம் எடுத்துச் சொல்லுதல் என்னும் இரண்டே அவருக்கு உரிய கடமை. பிளக்கைக் கழற்றி இடைவெளியை அளப்பது அவர் கை எட்டும் தொலைவில் உள்ளது. எண்ணெய்க் கசிவைக் காண்பதும் அவ்வாறே. கையெட்டும் தொலைவில் உள்ளதைப் பாராமல் விடுபவர்க்கு, மூன்றாம் முறை பெறும் கூலி நேர்மையான கூலி ஆகாது. முதன்முறை அறியாமை எனலாம். இரண்டாம் முறை கவனமின்மை எனலாம். மூன்றாம் முறை அது பொய்யாகிவிடுகின்றது. அப்பொய்யின் விலையையும் பிறரே செலுத்துகின்றனர். எரியாத எரிபொருள் புகைக்குழாய்க்குச் சென்று, அங்குள்ள விலையுயர்ந்த வினையூக்கிக் கலத்தைச் சூடேற்றிச் சிதைக்கும். அதனினும் பெரிது, மலை வளைவில் நின்றுபோன வண்டிக்குள் நோயாளி காத்திருக்கும் நேரம்.

திருக்குறளின் மருந்து அதிகாரம் நோய் தீர்வதற்கு நால்வகைத் துணையைக் கூறுகின்றது: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவன். பொறுப்பு ஒருவருடையதன்று என்பது இதனால் பெறப்படும். “விரைவாக மாற்றிக் கொடு, காரணம் எனக்கு வேண்டா” என்று அவசரப்படுத்தும் உடைமையாளரும் பிழையில் பங்குடையவரே. கேட்க அறியாதவர்க்கும் சேர்த்து எண்ணிப் பார்ப்பது அறிந்தவன் கடன் என்பதும் உடன் நினைக்கத்தக்கது.

பள்ளியறையிலும் இவ்வினா நாள்தோறும் எழுகின்றது. ஒரே மாணவன் ஒரே பாடத்தில் மும்முறை தவறுகின்றான். கடைசி வரிசைக்கு மாற்றுகின்றனர். பின்தங்கிய வகுப்புக்கு மாற்றுகின்றனர். இறுதியில் ‘இவன் இவ்வளவுதான்’ என்று முடிவு செய்கின்றனர். மதிப்பெண் பட்டியலும் அக்கருவி காட்டும் குறியீடு போன்றதே. தவறிய இடத்தைச் சுட்டும். தவறியதன் காரணத்தைச் சொல்லாது. கரும்பலகை அவன் கண்ணுக்குத் தெரிகின்றதா, காலையில் உண்டு வந்தானா, வீட்டில் விளக்கருகே அமர இடமுண்டா என்று ஆசிரியர் கேட்பது, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதற்கு ஒப்பாகும். அவற்றுள் எல்லாவற்றையும் ஆசிரியர் தீர்த்துவிட இயலாது. ஆயினும் கண்டறிந்து உரியவரிடம் சொல்ல இயலும்.

மந்தினின் அம்முதியவர் நான்காம் முறை பட்டறைக்குச் செல்வதாகக் கொள்வோம். அன்று பழுதுபார்ப்பவர் புதிய காயிலைப் பெட்டியிலிருந்து எடுக்குமுன் சற்றே நிற்கின்றார். குழிக்குள் விளக்கைக் காட்டுகின்றார், எண்ணெய் தேங்கியிருக்கின்றது. “ஐயா, இத்தனை நாளும் நான் பார்க்கத் தவறிய இடம் இது” என்று ஒப்புக்கொள்கின்றார். அவ்வொப்புதலுக்குப் பின் செய்யும் வேலை அரை நாளுக்குள் முடிந்துவிடும். அடுத்த வாரம் அவ்வண்டி மலையில் உதறாமல் ஏறும். உள்ளே அமர்ந்த மூதாட்டி எதையும் அறியாமல் உறங்கக்கூடும். தலைவிதி என்று ஒருவர் நொந்துகொண்டதை, அடைப்பு வளையம் ஒன்றின் கசிவு என்று மற்றொருவர் காட்டிவிட்டார். அறிவு அறமாவது இவ்விடத்தில்தான்.