முதுகு முறியவில்லை, எழுந்து நடங்கள்!

"இடுப்பு போச்சு, இனிமே என்னால ஆகாது!" விடியுமுன் ஊத்தங்கரையில் ஓசூர் கம்பெனி பஸ் ஏறும் தம்பியே, மாந்தோப்பில் கூடை சுமக்கும் அக்காவே, இந்தப் பேச்சை இன்றோடு விடுங்கள். உங்கள் இடுப்பு எங்கும் போய்விடவில்லை!

2020-இல் உலகில் சுமார் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்தது. பத்தில் ஒன்பது பேருக்கு வலிக்கு இன்னதுதான் காரணம் என்று ஒரு நோயைச் சுட்ட முடிவதில்லை. ஸ்கேனில் 'ஜவ்வு தேய்ஞ்சிருக்கு' என்றதும் ஏன் இடிந்து போகிறீர்கள்? வயதாக ஆக, வலியே இல்லாதவர் ஸ்கேனிலும் அந்தத் தேய்மானம் தெரியும்!

பயந்து படுத்தால் தசை இளைக்கும். தசை இளைத்தால் குடம் தூக்கினாலும் வலிக்கும். வலித்தால் மறுபடி பயம், மறுபடி படுக்கை. இந்தச் சுழலை உடையுங்கள்! நாள்பட்ட முதுகுவலிக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனம், பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்று 2023 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. ஆஸ்திரேலியாவில், வலியிலிருந்து மீண்டவர்களில் ஒரு பிரிவினருக்குப் பிசியோதெரபிஸ்ட் நடைப்பயிற்சி கற்றுத் தந்தார். அவர்களில் பாதிப் பேருக்கு 208 நாள் வரை வலி திரும்பவில்லை. பயிற்சி பெறாத பிரிவில் அது 112 நாள்தான். 2024-இல் வெளியான முடிவு இது.

பணமில்லை என்கிறீர்களா? வீடு தேடி இயன்முறை சிகிச்சை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்! ஆரம்ப சுகாதார நிலையத்தில் உரிமையோடு கேளுங்கள்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்லத் தூக்கி, ஐந்து எண்ணி இறக்குங்கள். ஐந்து நிமிடம் நடங்கள், வாராவாரம் கூட்டுங்கள். லேசாக வலித்தால் அஞ்ச வேண்டாம். மறுநாள் வலி கூடினால் அளவைக் குறையுங்கள், பயிற்சியை விடாதீர்கள். ஆனால் கால் மரத்துத் துவண்டாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ, காய்ச்சலோடு வலித்தாலோ, விழுந்து அடிபட்டிருந்தாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பிசியோதெரபிஸ்ட் வழி காட்டுவார். உங்களுக்காக அவர் நடக்க முடியாது. உங்கள் முதுகுக்கு வலுவேற்றும் வேலை உங்களுடையது. நல்ல நாள் பார்க்காதீர்கள். இன்று மாலையே செருப்பை மாட்டுங்கள்!