சாமி கண்ணைக் குத்துமா?

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், ஒரு சிறுவன் போன இடமெல்லாம் வெளியாளாகவே இருந்தான். பள்ளிக்கூடத்தில் யூதன் என்று கேலி செய்தார்கள். யூதர்களின் தொழுகைக்கூடத்துக்குப் போனால், நெட்டையாக, நீலக் கண்ணும் பொன்னிற முடியுமாக நின்றவனை அங்கிருந்த பிள்ளைகள் வேற்று மதத்தான் என்று ஒதுக்கினார்கள். தாய் யூதப் பெண். குழந்தை மருத்துவரான தியோடர் ஹோம்பர்கர்தான் பெற்ற தந்தை என்று சொல்லியே அவனை வளர்த்தார்கள். உண்மையான தந்தை யார் என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியவே இல்லை. வளர்ந்து அமெரிக்காவில் குடியேறி, 1939-இல் குடியுரிமை பெற்றபோது, தனக்குத் தானே ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டார்: எரிக் எரிக்சன். 'அடையாள நெருக்கடி' என்ற கருத்தை உளவியலுக்குக் கொடுத்தவர் இவர்தான்.

அந்த வீட்டில் மதத்துக்குக் குறைவில்லை. 'நான் யார் வீட்டுப் பிள்ளை' என்ற கேள்விக்குத்தான் நேர்மையான பதில் கிடைக்கவில்லை. பிள்ளைக்குப் பக்தி வர வேண்டும் என்று கவலைப்படுகிற பெற்றோர் பலர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. சுலோகம் தெரிகிறதா, வசனம் மனப்பாடமா, குர்ஆனில் எத்தனை ஜுஸ்உ (பாகம்) ஓதி முடித்தான் என்று கணக்குப் பார்க்கிறார்கள். அந்தச் சுலோகமும் வசனமும் பிள்ளையின் மனத்தில் யாருடைய முகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பார்ப்பதில்லை.

சில பத்தாண்டுகள் கழித்து, இராமேசுவரத்தில் இன்னொரு சிறுவன், மதத்தைச் சொல்லி ஒதுக்கப்படும் இதே சோதனையைச் சந்தித்தான். தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. முஸ்லிம் என்பதைக் காட்டும் தொப்பி அணிந்த அப்துல் கலாமும், பூணூல் அணிந்த இராமநாத சாஸ்திரியும் முன் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். புதிதாக வந்த ஆசிரியருக்கு அது பொறுக்கவில்லை. கலாமைக் கடைசி வரிசைக்குப் போகச் சொன்னார். போனவனுக்கு வருத்தம், முன்னால் இருந்தவனுக்கு அழுகை. இருவரும் வீட்டில் போய்ச் சொன்னார்கள். இராமநாதனின் தந்தை இலட்சுமண சாஸ்திரி, இராமேசுவரம் கோயிலின் தலைமைக் குருக்கள். ஆசிரியரை வரவழைத்து, பிள்ளைகளின் எதிரிலேயே கண்டித்தார்: மன்னிப்புக் கேளுங்கள், இல்லையென்றால் பள்ளியையும் தீவையும் விட்டுக் கிளம்புங்கள். ஆசிரியர் வருந்தினார், திருந்தவும் செய்தார். 1999-இல் வெளிவந்த 'அக்கினிச் சிறகுகள்' நூலில் கலாம் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

தொப்பியைக் கழற்றிவிட்டுப் போ என்று வீட்டில் சொன்னதாகவோ, இனிமேல் அந்தப் பையனோடு சேராதே என்று தடுத்ததாகவோ அந்த நூலில் இல்லை. அவமானம் நேர்ந்தபோது பெரியவர்கள் துணை நின்றார்கள். அதுவும் வேறொரு மதத்தின் குருக்கள் முன்னால் வந்து நின்றார்.

அந்த ஒரு நாள் திடீரென்று வானத்திலிருந்து விழுந்ததல்ல. விடியற்காலையில் கணக்கு டியூஷன் முடித்து வரும் பையனைத் தந்தை ஜைனுலாபுதீன் தொழுகைக்குக் கூட்டிப்போவார். அதன்பிறகு அரபுப் பள்ளியில் குர்ஆன் ஓதுதல். அது முடிந்ததும் ரயில் நிலையத்துக்கு ஓடி நாளிதழ்க் கட்டுகளை எடுத்தல். சீதா கல்யாண உற்சவத்தில் உற்சவ மூர்த்திகளைக் குளத்தின் நடுவே கொண்டுசெல்லப் படகு ஏற்பாடு செய்வது கலாமின் குடும்பம். இரவில் தாயும் பாட்டியும் சொன்ன கதைகளில் நபிகள் நாயகத்தின் வாழ்க்கையும் இருந்தது, இராமாயணமும் இருந்தது. பையனுக்குத் தான் முஸ்லிம் என்பதில் எந்தக் குழப்பமும் வரவில்லை. பக்கத்து வீட்டுச் சாமியைத் திட்டித்தான் நம் சாமியைப் பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்பவர்கள் இந்த வீட்டைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

திட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் காந்தி சாட்சி. ராஜ்கோட்டில் அவர் படித்த பள்ளிக்கு அருகே பாதிரியார்கள் தெருமுனையில் நின்று இந்துக்களையும் அவர்கள் தெய்வங்களையும் இழித்துப் பேசுவார்கள். அதைக் கேட்ட சிறுவனுக்குக் கிறிஸ்தவத்தின்மேலேயே வெறுப்பு வந்துவிட்டதாகச் சுயசரிதையில் எழுதினார். அந்த வெறுப்பு நீங்கப் பல ஆண்டுகள் ஆயின.

அதே காந்திக்கு இராமநாமம் கிடைத்த கதை வேறு மாதிரியானது. சிறுவயதில் அவருக்குப் பேய் பயம். வீட்டில் வேலை செய்த ரம்பா என்ற செவிலித்தாய், பயம் வரும்போது இராமநாமம் சொல் என்றார். அவர் சொன்ன மருந்தைவிட அவர்மேல்தான் தமக்கு நம்பிக்கை அதிகம் இருந்தது என்கிறார் காந்தி. சொன்னவர்மேல் இருந்த பாசத்தால்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

நம் வீடுகளில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். ஜெபம் பண்ணாமல் படுத்தால் பிசாசு வரும். சாப்பிட மறுத்தால் பூச்சாண்டி, படிக்க மறுத்தால் கடவுள். பயம் போக்க வேண்டிய பெயரைப் பயமுறுத்தும் பெயராக்கிவிட்டு, பன்னிரண்டு வயதில் பிள்ளை கோயிலுக்கு வர மறுக்கிறான் என்று கலங்குகிறோம். கண்ணைக் குத்தாத சாமியை அவன் எட்டு வயதிலேயே சோதித்துப் பார்த்திருப்பான்.

பாசத்துக்கு இவ்வளவு பங்கு உண்டா என்று சந்தேகப்படுவோருக்கு ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் வெர்ன் பெங்ட்சன் 1970-இல் தெற்குக் கலிபோர்னியாவில் 350-க்கும் மேற்பட்ட குடும்பங்களைப் பின்தொடரத் தொடங்கினார். தாத்தா முதல் பேரப்பிள்ளை வரை சுமார் 3,500 பேர், முப்பத்தைந்து ஆண்டுகள். 2013-இல் முடிவுகளை நூலாக்கினார். பெற்றோரின் பக்தி எவ்வளவு தீவிரம் என்பது மட்டும் போதவில்லை. பிள்ளையோடு அவர்களுக்கு இருந்த நெருக்கம்தான் நம்பிக்கை கைமாறியதா இல்லையா என்பதைப் பெரிதும் தீர்மானித்தது. அதிலும் தந்தையின் பாசம் முக்கியமாக இருந்தது. தாத்தா பாட்டியின் பங்கும் எதிர்பார்த்ததைவிடப் பெரிது. கடுமை காட்டிய வீடுகளில் எதிர்த்துக்கொண்டு வெளியேறிய பிள்ளைகளும் இருந்தார்கள்.

தந்தை என்ற சொல் நம் ஊரில் சற்று உறுத்த வேண்டும். பிள்ளைக்குச் சாமி கும்பிடக் கற்றுத்தரும் வேலையை அம்மாவிடமும் பாட்டியிடமும் விட்டுவிட்டவர் அப்பா. குடும்ப ஜெபத்தில் கைப்பேசியை நோண்டுவார். கோயிலுக்குப் போனால், வரிசையில் நிற்காமல் தெரிந்தவரைப் பிடித்து உள்ளே நுழைவார். பிள்ளை அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

பாசத்துக்கு அடுத்தது கேள்வி. யூதர்களின் பஸ்கா விருந்தில் வரலாறு சொல்லும் பகுதியைத் தொடக்கி வைப்பதே வீட்டின் கடைசிப் பிள்ளைதான். இந்த இரவு மட்டும் மற்ற இரவுகளிலிருந்து ஏன் மாறுபட்டிருக்கிறது என்று அது கேட்க வேண்டும். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து முன்னோர் விடுபட்ட வரலாற்றைப் பெரியவர்கள் பதிலாகச் சொல்ல வேண்டும். புத்திசாலிப் பிள்ளை, முரட்டுப் பிள்ளை, வெள்ளந்திப் பிள்ளை, கேட்கவே தெரியாத பிள்ளை என நால்வருக்கும் அந்த மேசையில் இடமுண்டு. வீடிழந்து நாடு நாடாக அலைந்த ஒரு சமூகம் தன் வரலாற்றைப் பிள்ளையின் கேள்வியில் கட்டிவைத்துக் காப்பாற்றியது.

இங்கே கேள்வி கேட்டால் 'தெய்வக் குத்தம்' என்று வாயை அடைப்பதுதான் வழக்கம். பாட்டிக்காக அவ்வளவு ஜெபம் பண்ணினோமே, ஏன் செத்துப்போனாங்க என்று ஒரு பிள்ளை கேட்டால், உடனடியாக ஒரு விளக்கத்தைத் தயார் செய்ய வேண்டிய அவசியமில்லை. எனக்கும் தெரியவில்லை, எனக்கும் அழுகைதான் வந்தது என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். தொழுகையால் என்ன பயன் என்று கலாம் சிறுவயதில் கேட்டபோது, தந்தை அதட்டவில்லை. அதில் மர்மம் ஒன்றுமில்லை என்று தொடங்கி எளிய தமிழில் விளக்கினார். கடினமான ஆன்மிகக் கருத்துகளையும் சாதாரணப் பேச்சில் சொல்லத் தெரிந்தவர் அவர் என்று மகன் நினைவுகூர்கிறார்.

பதின்வயதில் கேள்வி இன்னும் கூர்மையாகும். சில பிள்ளைகள் சில காலம் விலகியும் நிற்பார்கள். 1989-இல் ஐ.நா. ஏற்ற, 1992-இல் இந்தியாவும் இணைந்த குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, பிள்ளையின் மத சுதந்திரத்தை ஒப்புக்கொள்கிறது. வளர்ந்துவரும் பக்குவத்துக்கு ஏற்பப் பெற்றோர் வழிகாட்டலாம் என்றும் சொல்கிறது. ஐந்து வயதில் கைப்பிடித்துக் கூட்டிப்போன அதே பிடி பதினைந்தில் செல்லாது.

பெற்றோரே, இன்றைக்குக் கோயிலுக்கு வரவில்லை, சபைக்கு வரவில்லை, பள்ளிவாசலுக்கு வரவில்லை என்று மகனோ மகளோ சொன்னால், அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். காரணம் கேளுங்கள், குறுக்கிடாமல் கேளுங்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியரும், ஓதிக்கொடுக்கும் ஹஸ்ரத்தும், தேவார வகுப்பு நடத்துகிறவரும் வாரத்தில் ஒரு கால் மணி நேரத்தைப் பிள்ளைகளின் கேள்விகளுக்கென்றே ஒதுக்கலாம். யாராவது உங்கள் பிள்ளையை அதன் மதத்தைச் சொல்லி ஒதுக்கினால், பள்ளிக்கு நேரில் போய்ப் பேசுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அது நடந்தாலும் போங்கள்.