மேடைக்கு வெளியே

குத்துச்சண்டை வீரரை அவரது கைத்திறன் ஒன்றைக் கொண்டே மதிப்பிடலாமா?

வியட்நாம் போர் வேளையில், 1967இல், முகம்மது அலி இராணுவத்திற் சேர மறுத்தார். உலகப் பட்டம் பறிபோயிற்று. மூன்றரை ஆண்டுகள் மேடையேற முடியவில்லை. அவருக்கு மீண்டும் அனுமதி கிடைக்கக் குரல் கொடுத்தவர்களுள் ஒருவர் ஜோ பிரேசியர். அதே பிரேசியரை 1975இல், மணிலாப் போட்டிக்கு முன், ‘கொரில்லா’ என உலகறிய இழிவுபடுத்தினார் அலி. அந்தச் சொல் பிரேசியரின் மனத்தில் நெடுங்காலம் ஆறாப் புண்ணாயிற்று. 2001இல் அலி பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

அன்றைய துணிவு பின்னைய கொடுஞ்சொல்லை நியாயப்படுத்தாது. கொடுஞ்சொல் அந்தத் துணிவைப் பொய்யாக்கவும் மாட்டாது. இரண்டையும் நிறுத்துப் பார்ப்பதே நீதி. மேடையில் விழும் அடிக்கு நடுவர் உண்டு. வெளியே விழும் சொல்லுக்கு மனச்சாட்சியே நடுவர்.

ஊரில் நற்பெயரெடுத்த நாம், வீட்டில் வீசிய சுடுசொல்லுக்கு மன்னிப்புக் கேட்டோமா?